தாளில் விளைந்த நெல்

1958-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடான ‘மக்கள் நாளிதழ்’ ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. முற்றி விளைந்த நெல் வயல். அதன் கதிர்களின் மேல் சில பிள்ளைகள் சிரித்த முகத்துடன் நிற்கின்றனர். கதிர்கள் வளையவில்லை, பிள்ளைகள் விழவில்லை. ஹூபெய் மாகாணத்தின் மாசெங் வட்டத்தில் ஒரு ‘மூ’ நிலத்தில் 36,956 ‘ஜின்’ நெல் விளைந்திருக்கிறது என்பது செய்தி.

மூ என்பது நம் கணக்கில் ஏறத்தாழ பதினாறரை சென்ட். ஜின் என்பது அரைக் கிலோ. அப்படியானால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 112 டன்! வாசகர்களுள் தஞ்சைப் பகுதியில் வயல் வைத்திருப்போர் இருப்பீர்கள். மழையும் ஆறும் கைகொடுத்த நல்ல ஆண்டில் ஏக்கருக்கு முப்பது, நாற்பது மூட்டை கண்டால் களத்துமேட்டில் முகம் மலரும். சீன ஏடு சொன்னதோ, மூட்டைக்கு 75 கிலோ என்று வைத்தாலும், ஆயிரத்து ஐந்நூறு மூட்டை.

அந்தப் பிள்ளைகளின் காலடியில், கதிர்களுக்குள் மறைவாக, ஒரு பெஞ்சுப் பலகை இருந்தது. படமெடுத்தவர் பல்லாண்டுகளுக்குப் பின் அதனை ஒப்புக்கொண்டார். விளைச்சலின் இரகசியமும் அத்தகையதே. பல வயல்களில் விளைந்த பயிரை வேரோடு பெயர்த்து வந்து ஒரே வயலில் நெருக்கி நட்டு, அறுவடை செய்து, அதனை அந்த ஒரு வயலின் கணக்கில் எழுதினார்கள்.

அடுத்த மாதமே இன்னொரு வட்டம் இதனையும் மிஞ்சியது. தென் சீனத்தின் குவாங்சிப் பகுதியில் உள்ள ஹுவான்ஜியாங், ஒரு மூவுக்கு 1,30,434 ஜின் என அறிவித்தது. பெண்மணிகளே, நீங்கள் நெல்லை முற்றத்தில் காய வைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கின்படி விளைந்த நெல்லை உதிர்த்து, விளைந்த அதே வயலில் பரப்பினால் அரை அடிக்கும் மேல் கனத்தில் கிடக்கும். வைக்கோலையும் வேரையும் சேர்க்காமல், நெல் மட்டும்! எந்த உழவனும் ஒரு நொடியில் தள்ளிவிடக்கூடிய செய்தி இது. ஆயினும் உழவர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஒரு நாட்டின் தலைநகர் ஏட்டில் அது வெளியாகியது. பெரியோர்கள் அதனை நம்பினார்கள். நம்பாதவர்கள் வாய் திறக்கவில்லை.

ஏன்?

இந்தக் கேள்விக்கு விடையை, அந்தப் புகைப்படத்துக்கு ஏறத்தாழ 580 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தூனிஸ் நகரில் 1332-இல் பிறந்து 1406-இல் கெய்ரோவில் மறைந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் அவர்கள்தாம் அவர். 1377-இல் எழுதப்பட்ட ‘முகத்திமா’வில், வரலாற்றுச் செய்திகளில் பொய் எவ்வாறு புகுகிறது என்பதை ஆராய்கிறார். அவர் முதலாவதாகச் சுட்டும் காரணம், ஒரு கருத்தின் மீதோ ஒரு பிரிவின் மீதோ மனிதன் கொள்ளும் பற்று. மனம் நடுநிலையில் இருக்கும்போது, வந்த செய்தியைத் தட்டிப் பார்த்து உண்மை எது, பொய் எது என்று பிரிக்கிறது. பற்று குடிகொண்டுவிட்டாலோ, தனக்கு உகந்த செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொள்கிறது. ஆராயும் கண்ணை அப்பற்று மூடிவிடுகிறது என்பது அவர் கருத்து. பதவியிலும் செல்வாக்கிலும் உயர்ந்தோரை மக்கள் புகழுரைகளோடு அணுகுவதையும், அதனால் பொய்ச் செய்தி பரவுவதையும் மற்றொரு காரணமாகக் கூறுகிறார்.

அவர் கொடுக்கும் எடுத்துக்காட்டு சுவையானது. நபி மூஸா (அலை) அவர்கள் பாலைவனத்தில் தம் படையை எண்ணியபோது ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்று அல் மஸ்ஊதி போன்ற முன்னோர் எழுதி வைத்திருந்தனர். இப்னு கல்தூன் அவர்கள் கேட்கிறார்: எகிப்தும் ஷாமும் அத்தனை பெரிய படையைத் தாங்குமா? அணிவகுத்து நின்றால் கண்ணுக்கெட்டும் தொலைவையும் கடந்து வரிசை நீளுமே. ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியாதே. பிறகு போர் புரிவது எவ்வாறு? சொன்னவர் பெரியவர் என்பதோடு நின்றுவிடாமல், சொல்லப்பட்டது மண்ணில் நடக்கக்கூடியதா என்று அளந்து பார்த்தவர் அவர். சற்று முன்பு நாம் முற்றத்து நெல்லை வைத்துப் போட்ட கணக்கும் அந்த வழியில் வந்ததுதான்.

இனிச் சீனத்துக்குத் திரும்புவோம்.

நாற்றுக்கும் வர்க்கம் உண்டாம்!

1958-இல் தலைவர் மாவோ ‘மாபெரும் பாய்ச்சல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். ஏழை நாடு சில ஆண்டுகளில் மேலை நாடுகளை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. பஞ்சத்தையும் அந்நியர் கொடுமையையும் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த மக்கள் அதனை முழு மனதோடு வரவேற்றனர் என்பதையும் மறைக்கக் கூடாது. நிலமும் மாடும் ஏரும் பொதுவாக்கப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ எல்லா உழவர்களும் சுமார் 26,000 மக்கள் கம்யூன்களில் சேர்க்கப்பட்டனர்.

அரசியல் கொள்கை நாற்றங்காலுக்குள் நுழைந்தது எப்படி என்று பாருங்கள். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர், ஒரே இனச் செடிகள் தமக்குள் போட்டியிடுவதில்லை என்று கூறி வந்தார். ஒரே வர்க்கத்தார் ஒருவரோடொருவர் பகைக்க மாட்டார்கள் என்னும் கொள்கைக்கு இது மிகவும் இசைவாக இருந்தது. எனவே, நாற்றை நெருக்கி நடுங்கள், நெருக்க நெருக்க விளைச்சல் கூடும் என்று சீன உழவனுக்கு ஆணை வந்தது. ஆழ உழுதால் வேர் ஆழமாக ஓடும் என்று பல அடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டச் சொன்னார்கள். கீழ்மண் மேலே வந்தது; வளமான மேல்மண் கீழே போயிற்று. நெருக்கி நட்ட நாற்று காற்றும் வெளிச்சமும் இன்றி அழுகியது. நாற்று எந்தக் கட்சியின் நூலையும் படித்ததில்லை.

படிப்பறிவு இருந்தால் இத்தகைய மயக்கம் வராது என்று எண்ணி விடாதீர்கள். அமெரிக்காவில் பயின்று, பின்னர் சீன ஏவுகணைத் துறையின் தந்தை எனப் போற்றப்பட்ட சியான் சூசென் என்னும் பேரறிஞர், 1958 ஜூன் மாதத்தில் இளைஞர் ஏடொன்றில் ஒரு கட்டுரை எழுதினார். நிலத்தின் மேல் விழும் சூரிய ஒளியில் ஒரு பங்கைப் பயிர் பயன்படுத்தினாலே, விளைச்சல் அன்றைய சாதனையைப் போல் பல மடங்காகும் என்பது அவருடைய கணக்கு. பாமரன் வயலைப் பார்த்து ஐயம் கொண்டிருப்பான். அறிஞரின் கணக்கோ ஐயத்துக்கு வாய்ப்பளிக்காமல் அடைத்துவிட்டது.

இதே வேளையில் ஊர்தோறும் களிமண் உலைகள் எழுந்தன. எஃகு உற்பத்தியை ஒரே ஆண்டில் இரு மடங்காக்க வேண்டும் என்பது இலக்கு. சுமார் ஒன்பது கோடிப் பேர் அவ்வேலையில் இறக்கப்பட்டதாகக் கூறுவர். வீட்டுச் சட்டி, வாணலி, கதவின் தாழ்ப்பாள் யாவும் உலைக்குள் சென்றன. வெளிவந்ததில் பெரும் பங்கு எதற்கும் உதவாத இரும்புக் கட்டி. அறுவடைக்கு ஆளின்றி விளைந்த தானியம் பல இடங்களில் வயலிலேயே வீணாகியது.

சட்டியை ஏன் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். கம்யூனில் பொதுச் சமையற்கூடம் இருந்தது. வயிறு நிறைய இலவசச் சாப்பாடு. வீட்டில் அடுப்பு எதற்கு என்றார்கள். இலக்கியங்களில் கற்பனையாகப் படித்த பொற்காலம் வாசலுக்கு வந்துவிட்டது என்று அந்த ஏழைகள் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியை எள்ளி நகையாட மனம் வரவில்லை.

கணக்கில் இருந்தது, களஞ்சியத்தில் இல்லை

1958-இன் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அவ்வாண்டு இறுதியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதனை 25 கோடி டன் எனத் திருத்தினார்கள். உண்மையில் விளைந்தது ஏறத்தாழ 20 கோடி டன் என்பது பின்னாளில் வெளியான அரசுக் கணக்கு.

பொய்யான கணக்கு தாளோடு நின்றிருந்தால் பெரிய தீங்கு விளைந்திராது. அரசு தன் பங்கைக் கொள்முதல் செய்தது அந்தக் கணக்கை வைத்தே. பத்து மூட்டை விளைந்த ஊர் முப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், முப்பதுக்கு உரிய பங்கை அளந்தாக வேண்டும். 1959-இல் விளைச்சல் 17 கோடி டன்னாகக் குறைந்தது. அவ்வாண்டு அரசு எடுத்ததோ அதில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு. தானியம் மிகுந்துவிட்டது என்னும் நம்பிக்கையில் விதைக்கும் நிலப்பரப்பையே குறைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்கு 40 இலட்சம் டன்னுக்கும் மேல் ஏற்றுமதி ஆயிற்று. 1960-இல் விளைச்சல் 14 கோடி டன்னுக்குச் சற்று மேல்தான்.

அளக்க நெல் இல்லை என்று ஊர் சொன்னபோது என்ன நடந்தது? இங்குதான் நம்பிக்கையின் உண்மையான கொடுமை தெரிகிறது. நெல் விளைந்தது என்பது முடிந்துபோன உண்மையாகக் கொள்ளப்பட்டது. ஆகவே, இல்லை என்றால் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதே பொருள்! தானியத்தைப் பதுக்குவோருக்கு எதிராக இயக்கம் நடத்தப்பட்டது. வீட்டுத் தரையைத் தோண்டினார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். மக்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். சில இடங்களில் ஒரு வீட்டின் புகைபோக்கியில் புகை கண்டாலே குற்றம். பசித்த வீட்டில் எரியும் அடுப்பு, பதுக்கலுக்குச் சான்றாகிவிட்டது. ஒரு நம்பிக்கை இந்த நிலையை எட்டிவிட்டால் அதனைப் பொய்யாக்க எந்தச் சான்றாலும் இயலாது. எதிரான சான்று ஒவ்வொன்றையும் அது பகைவனின் சூழ்ச்சியாக மாற்றிக்கொள்ளும்.

ஹெனான் மாகாணத்தின் சின்யாங் பகுதியில் சுமார் எண்பது இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1959-60 குளிர்காலத்தில் அவர்களுள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். பட்டினியை வெளியுலகுக்குச் சொன்ன கடிதங்கள் ஆயிரக்கணக்கில் அஞ்சலகங்களிலேயே நிறுத்தப்பட்டன. ஊரைவிட்டுத் தப்பியோர் சாலைகளில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்பகுதியின் அரசுக் களஞ்சியங்களில் அப்போதும் தானியம் இருந்தது! ஹுய் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் லின்சியாவை உள்ளடக்கிய கான்சு மாகாணமும் மிகக் கொடிய துன்பத்துக்கு உள்ளானவற்றுள் ஒன்று. நாடு முழுவதும் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை கூறுகின்றனர்.

உண்மையை எடுத்துரைக்க ஆளே இல்லையா? இருந்தார். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய். கொரியப் போரில் சீனப் படையை நடத்தியவர். வறுமையில் பிறந்து சிறு வயதில் பிச்சையெடுத்து உண்டவர். பசி எத்தகையது என்பதை அவர் நூலில் படிக்க வேண்டியிருக்கவில்லை. சொந்த மாகாணமான ஹூனானுக்குச் சென்று ஊர் நிலையை நேரில் கண்டார். 1959 ஜூலை 14 அன்று, லூஷான் மலைவாசத்தலத்தில் கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். பாய்ச்சலின் சாதனைகளைப் புகழ்ந்துவிட்டு, மிகைப்படுத்திச் சொல்லும் போக்கு பரவிவிட்டது என்று மெல்லச் சுட்டிய கடிதம் அது. மாவோ அதனை அச்சடித்து மாநாட்டினர் அனைவருக்கும் கொடுத்தார். பின்னர் அக்கடிதத்தைக் கட்சிக்கு எதிரான தாக்குதல் என்றார். செப்டம்பரில் பெங் பதவி இழந்தார். 1974-இல் காவலில் இருந்தபடியே புற்றுநோயால் இறந்தார். 1978-இல்தான் அவர் மீதான குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன.

வருந்தத்தக்கது என்னவெனில், அவ்வாண்டின் முற்பகுதியில் இலக்குகளைக் குறைத்து, தவறுகளைத் திருத்தும் வேலை ஓரளவு தொடங்கியிருந்தது. கடிதத்துக்குக் கிடைத்த தண்டனையைக் கண்டதும் அத்திருத்தம் நின்றது. நாடெங்கும் இலட்சக்கணக்கான அலுவலர்கள் ‘வலதுசாரிகள்’ என்று முத்திரை குத்தப்பட்டனர். அதன் பிறகு குறைந்த விளைச்சலை எழுதத் துணிந்தவர் யார்? மேலிருப்பவர் கேட்க விரும்பியதைக் கீழிருப்பவர் எழுதினார். கீழிருப்பவர் எழுதியதைச் சான்றாகக் காட்டி மேலிருப்பவர் தம் நம்பிக்கையை உறுதிப்படுத்திக்கொண்டார்.

இது ஒரு கொடிக்கு மட்டும் உரியதா?

பொதுவுடைமையின் மீது பழி போட்டுவிட்டு நாம் எழுந்து செல்ல இயலாது. அதற்கு நேர் எதிரான கொள்கை நம் சென்னை மாகாணத்திலேயே அதே வேலையைச் செய்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது வைசிராயாக இருந்த லிட்டன் பிரபு, சந்தையின் விலையில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையில் உறுதியானவர். மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் இந்தியத் தானியம் கப்பலேறியது. நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், உடலுழைப்புச் செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை.

இதே டெம்பிள் 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்கி மக்களைக் காப்பாற்றியவர் என்பதுதான் வியப்பு. காப்பாற்றியதற்காக அவருக்குக் கிடைத்த பெயர் ஊதாரி! சென்னையில் அவர் சிக்கனம் காட்டியதன் காரணம் விளங்குகிறதல்லவா? மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவு உணவு உடலை அழிக்கும் என்று எதிர்த்து எழுதினார். 1877-இன் இடையில் சென்னை அரசு படியை உயர்த்தியது. அதற்குள் முகாம்களில் பலர் மடிந்துவிட்டனர். கார்னிஷுக்கு இருந்த ஒரு நல்வாய்ப்பு பெங்குக்கு இல்லை. அவர் எதிர்ப்பு ஏடுகளில் விவாதமாயிற்று. அவர் சிறைக்குச் செல்லவில்லை. சுதந்திரமான ஏடுகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் அவர்கள் கூறுவதும், சீனத்தின் இந்த ஆண்டுகளை முக்கியச் சான்றாகக் காட்டுவதும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன.

ஆனால் ஏடுகள் இருந்தால் மட்டும் போதுமா என்ற ஐயமும் எழுகிறது. இன்று நம் கைப்பேசிக்கு நாளும் வந்து விழும் செய்திகளை எண்ணிப் பாருங்கள். நம் கட்சிக் கூட்டத்துக்கு இத்தனை இலட்சம் பேர் என்று ஒரு படம் வருகிறது. அந்தத் திடலில் அத்தனை பேர் நிற்க இடம் உண்டா என்று அளந்து பார்த்துவிட்டு அனுப்புகிறோமா? எதிர்க் கட்சியின் கூட்டம் என்றால் அளவுகோல் உடனே கைக்கு வந்துவிடுகிறது. பஞ்சம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பிரிட்டனின் தளபதி மாண்ட்கோமரியும், பின்னாளில் பிரான்சின் அதிபரான மித்தரானும் சீனாவுக்குச் சென்று வந்து, அங்கே பெரும் பஞ்சம் எதுவும் இல்லை என்றே கூறினார்கள். அவர்கள் நாட்டில் எல்லா ஏடுகளும் இருந்தன. தமக்குக் காட்டப்பட்டதைக் கண்டு அவர்கள் நிறைவடைந்தார்கள்.

மகன் கண்ட சாவு

இறுதியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாங் சிஷெங் என்பவர் 1959-இல் ஹூபெய் மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர். கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் ஆர்வத்தோடு பணியாற்றியவர். பாய்ச்சலைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த அவரிடம், ஏப்ரல் மாத இறுதியில் ஊரிலிருந்து நண்பர் ஓடி வந்தார். “உன் தந்தை பட்டினியால் சாகப் போகிறார், அரிசி இருந்தால் எடுத்துக்கொண்டு வா” என்பது செய்தி. யாங் பள்ளியில் தம் பங்கிலிருந்து சிறிது அரிசியைப் பெற்றுக்கொண்டு ஊருக்கு விரைந்தார். ஊரில் மரங்களின் பட்டை உரிக்கப்பட்டிருந்தது. தம்மை வளர்த்து ஆளாக்கிய தந்தை எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபோது அதனை விழுங்கும் வலிமை அவருக்கு இல்லை. மூன்று நாளில் உயிர் பிரிந்தது.

மகன் தந்தையை அடக்கம் செய்தார், பள்ளிக்குத் திரும்பினார், பாய்ச்சலின் மீது கொண்ட நம்பிக்கையை விடவில்லை! தம் குடும்பத்துக்கு நேர்ந்த தனித் துயரம் இது, முன்பே வந்து கவனிக்காதது தம் குற்றம் என்றுதான் எண்ணினாராம். நாட்டின் பிற ஊர்களில் எல்லாம் நெல் குவிந்து கிடப்பதாக ஏடுகள் எழுதிக்கொண்டிருந்தன அல்லவா? கண்ணால் கண்ட சாவைவிட, கண்ணால் காணாத குவியல் அவருக்கு மெய்யாகத் தோன்றிற்று. பின்னர் அரசுச் செய்தி நிறுவனத்தில் செய்தியாளராகச் சேர்ந்து பல்லாண்டுகள் பணிபுரிந்தார். ஊர் ஊராகச் சென்றபோதுதான், தம் தந்தையைப் போல் எத்தனை தந்தையர் அந்த ஆண்டுகளில் மாண்டனர் என்பது சிறிது சிறிதாகப் புலப்பட்டது.

1990-களில் அவர் மாகாண ஆவணக் காப்பகங்களுக்குச் செல்லத் தொடங்கினார். பஞ்சத்தைப் பற்றித் தேடுவதாகச் சொன்னால் கதவு திறக்காது. ஆகவே தானியக் கொள்கை குறித்து ஆராய்வதாகக் கூறிக்கொண்டு, அலுவலர்கள் தம் மேலிடத்துக்கு அன்று எழுதிய அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அவர் கணக்கில் மாண்டோர் தொகை மூன்று கோடியே அறுபது இலட்சம். அந்நூல் 2008-இல் ஹாங்காங்கில் அச்சாயிற்று. சீனப் பெருநிலத்தில் அதற்குத் தடை. நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கல்லறைக்கல்’. அது யாருக்கான கல் என்பதை முன்னுரையில் வரிசையாகக் கூறுகிறார். அவ்வரிசையில் முதலில் நிற்பவர், அந்தக் கஞ்சியை விழுங்க இயலாமற்போன அவர் தந்தை.